வரிச் சலுகையும் வயல்வெளி விளையாட்டும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1976-இல் இங்கே பி.காம். முடித்து வெளியே போனவன். பிறகு சி.ஏ. படித்துத் தஞ்சாவூரில் ஆடிட்டராக இருந்து, இப்போது பையனிடம் ஆபீசைக் கொடுத்துவிட்டுக் காலையில் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இந்த மேடைக்கு நான் வந்த கதை சின்னது. நம் கல்லூரி மைதானத்தைச் சீர்செய்யச் சங்கம் நிதி திரட்டுகிறது, உங்களுக்குத் தெரியும். செயலாளர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். "சார், யாரைக் கேட்டாலும் முதல் கேள்வி 80ஜி உண்டா என்பதுதான். நீங்க ஒரு இருபது நிமிஷம் பேசுங்க. விளையாட்டு, சுற்றுலா, வெளியிலே போய்ப் பொழுதைக் கழிக்கிறது, இதுக்கெல்லாம் அரசாங்கம் என்ன வரிச் சலுகை தருதுன்னு சொல்லுங்க" என்றார். சரி என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் விளையாட்டு வீரன் அல்லன். கல்லூரியில் மூன்று வருஷமும் கிரிக்கெட் டீமுக்கு ஸ்கோர் எழுதினவன். வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு, ஒரு நோட்டு, ஒரு பென்சில். மேட்ச் முடிந்ததும் எல்லோரும் ஆற்றுக்குப் போவார்கள். அவர்கள் குதிப்பார்கள், நான் படித்துறையில் உட்கார்ந்து துண்டு, கைக்கடிகாரம் எல்லாவற்றுக்கும் காவல் இருப்பேன். ஆக, கணக்கெழுதுவதும் அடுத்தவர் சொத்தைப் பார்த்துக்கொள்வதும் எனக்கு இங்கேயே தொடங்கிவிட்டது.

இனி சலுகைக்கு வருகிறேன். ஒரு சொல் முன்கூட்டியே. 2025-இல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றி, 2026 ஏப்ரல் 1 முதல் என்று நாள் வைத்தார்கள். பிரிவு எண்களெல்லாம் அதில் மாறிவிட்டன. நான் சொல்லும் எண்கள் 1961-ஆம் வருஷச் சட்டத்து எண்கள். நாற்பது வருஷம் நாக்கு பழகியது அது. மாற்ற முடியவில்லை.

"ஊர் சுற்றப் போ, உனக்கு வரி குறைக்கிறேன்" என்று நம் அரசாங்கம் சொன்ன ஒரே இடம் பிரிவு 10(5). எல்.டி.சி., எல்.டி.ஏ. என்று வேலையில் இருப்பவர்கள் சொல்வார்கள். நான்கு காலண்டர் ஆண்டுகளுக்கு இரண்டு முறை குடும்பத்தோடு இந்தியாவுக்குள் எங்கேயாவது போய் வந்தால், முதலாளி தரும் பயணச் செலவுக்கு வரி கிடையாது. 1986-இலிருந்து நான்கு நான்கு ஆண்டாக எண்ணிக்கொண்டு வருகிறார்கள். 2022 முதல் 2025 வரை ஒரு தொகுப்பு, அடுத்தது 2026 முதல் 2029. ஆனால் ரயில் கட்டணம், பஸ் கட்டணம், விமானக் கட்டணம் மட்டும்தான் கணக்கு. தங்கியது, சாப்பிட்டது, படகில் போனது எதுவும் சேராது. போய்ச் சேர்கிற வரைக்கும்தான் சலுகை. அங்கே போய் என்ன செய்தாய் என்பதைப் பற்றிச் சட்டத்துக்கு அக்கறையில்லை.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. என் வாடிக்கையாளர் ஒருவர், நல்ல மனிதர், மனைவியையும் அழைத்துக்கொண்டு ரிட்டர்னுக்குக் கையெழுத்துப் போட வந்தார். கன்னியாகுமரி போய் வந்ததற்குப் பில் வைத்திருந்தார். வழக்கமாக நான் கேட்பதில்லை, அன்றைக்கு என்னவோ, "சூரிய உதயம் நல்லா இருந்துச்சாம்மா?" என்று அந்த அம்மாவைக் கேட்டுவிட்டேன். அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்து, "நாம எப்பங்க கன்னியாகுமரி போனோம்?" என்றார். பில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த விடுமுறைக்கு அவர் உண்மையாகவே அழைத்துப் போனார் என்று கேள்வி. அந்தச் சலுகையால் என் கண்ணெதிரே விளைந்த ஒரே சுற்றுலா அது.

2020-இல் கொரோனா வந்தது. யாரும் எங்கேயும் போக முடியாது. அந்த அக்டோபரில் அரசு என்ன சொன்னது? பயணம் போக வேண்டாம், அந்தக் கட்டணத்தைப் போல மூன்று மடங்குக்குப் பொருள் வாங்கு, 12 சதவீதமோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. உள்ள பொருளாக வாங்கு, சலுகை உனக்கு உண்டு என்றது. 2021 மார்ச் 31 வரை கெடு. எங்கள் தெருவில் அந்த வருஷம் பலர் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கினார்கள். மலைக்குப் போக வைத்திருந்த சலுகை குளிர்பெட்டியாக வந்து கூடத்தில் நின்றது. அரசாங்கத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கடைகள் ஓட வேண்டும், அதுவும் நியாயம்தான். ஆனால் அந்தச் சலுகை எதற்காக இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. நீ வெளியே போக வேண்டும் என்பது அதன் கவலையல்ல, நீ செலவு செய்ய வேண்டும் என்பதுதான்.

அடுத்தது நம் ஊருக்கே வந்த சலுகை. இது பலருக்குத் தெரியாது. தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. 2004-இல் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் சேர்ந்தன. 2008 பட்ஜெட்டில், இப்படி உலகச் சின்னம் உள்ள சில மாவட்டங்களைப் பட்டியல் போட்டு, அங்கே புதிதாக ஓட்டல் கட்டினால் ஐந்து வருஷத்துக்கு லாபத்துக்கு வரியே இல்லை என்றார்கள். பிரிவு 80-ஐடி. ஆக்ரா, கயா, பூரி, பெல்லாரி என்று போகும் அந்தப் பட்டியலில் தஞ்சாவூர் இருந்தது. மாமல்லபுரத்துக்காகக் காஞ்சிபுரமும், மலை ரயிலுக்காக நீலகிரியும் இருந்தன. 2008 ஏப்ரல் 1-க்கும் 2013 மார்ச் 31-க்கும் இடையில் ஓட்டல் திறந்திருக்க வேண்டும். இரண்டு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம், நான்கு நட்சத்திரம் என்று மத்திய அரசின் தரச் சான்று பெற்றிருக்க வேண்டும்.

செய்தி பேப்பரில் வந்த அன்று மத்தியானமே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர் என் ஆபீசுக்கு வந்துவிட்டார். பின்னால் உள்ள மனையில் இன்னும் முப்பது அறை கட்டலாமா என்று யோசனை. நான் நட்சத்திரக் கதையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆடிட்டர் சார், நம்ம லாட்ஜுக்கு வர்றவங்களும் பெரிய கோயிலைப் பார்க்கத்தானே வர்றாங்க? அவங்க பார்க்கிறது வேற கோயிலா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. கோயிலுக்கு வெளியே புல்தரையில் சாயங்காலம் ஊரே உட்கார்ந்திருக்கும். புதுக்கோட்டையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் குழந்தை குட்டிகளோடு வந்து, புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். தஞ்சாவூரில் மக்கள் வெளியில் வந்து பொழுதுபோக்குவது என்றால் அதுதான். அதற்குப் பில் கிடையாது. பில் இல்லாத இடத்தில் வரி கிடையாது. வரியே இல்லாத இடத்தில் எதைத் தள்ளுபடி செய்வது?

இன்னொன்று. நம் டெல்டாவின் பெரிய வருமானம் நெல். நெல் வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அதையும் கூலி வேலை செய்பவர், தறி நெய்பவர், கடையில் நிற்பவர் எல்லோரையும் கழித்துவிட்டால், வரிச் சலுகை என்ற பேச்சே யாருக்கு? என்னைப் போல ஆடிட்டர் வீட்டு வாசலுக்கு வருகிற சிலருக்கு. ஆற்றில் குதித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வாசலுக்கு வரவேண்டிய அவசியமே இல்லாதவர்கள்.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். நம் செட் நண்பர் ஒருவர் கனடாவில், ஸ்கார்பரோவில் குடியேறியவர். அங்கே 2007-இல் ஒரு சலுகை கொண்டு வந்தார்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை நீச்சல், ஹாக்கி, கால்பந்து என்று ஏதாவது வகுப்பில் சேர்த்தால், ஒரு பிள்ளைக்கு 500 டாலர் வரைக்கும் கட்டணத்தைக் காட்டலாம், அதில் 15 சதவீதம் வரியில் குறையும். அதாவது 75 டாலர். நண்பர் மகளை நீச்சலில் சேர்த்து ரசீதை வாங்கி வைத்துக்கொண்டார். பக்கத்து அடுக்கில், அப்போதுதான் இலங்கையிலிருந்து வந்து இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம். அவர்களுக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லை, ஆகவே 75 டாலரும் இல்லை. அந்தப் பிள்ளைகள் பார்க்கில் தாங்களாகவே பந்தடித்தார்கள். வாரா வாரம் நடக்கிற வகுப்பு, குறைந்தது எட்டு வாரம் என்றெல்லாம் நிபந்தனை இருந்ததால், பார்க் பந்து கணக்கில் வராது. பிறகு 2014-இல் தொகையை ஆயிரம் டாலராக்கினார்கள், 2015-இல் வரி கட்டாதவருக்கும் பணமாகவே கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். 2017-இல் சலுகையையே எடுத்துவிட்டார்கள். நண்பர் சொல்கிறார், "சலுகை இல்லாட்டியும் நான் அவளைச் சேர்த்துத்தான் இருப்பேன்டா." அதுதான் இதில் உள்ள சங்கடம். ஏற்கெனவே போகிறவனுக்குப் பரிசு, போக முடியாதவனுக்கு ஒன்றுமில்லை.

மறைமுக வரியில் கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். நம்மிடம் 1939-ஆம் வருஷத்துக் கேளிக்கை வரிச் சட்டம் இருந்தது. காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்டால், சினிமாவோ விளையாட்டோ, கேளிக்கை கேளிக்கைதான். ஜி.எஸ்.டி. வந்த பிறகு, விளையாட்டுப் போட்டிக்கு 500 ரூபாய் வரை டிக்கெட் வைத்தால் அந்த வரி இல்லை. கோடிக்கரை மாதிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் நுழையும் கட்டணத்துக்கும் இல்லை. சைக்கிளுக்கு 12 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22-இலிருந்து 5 ஆயிற்று. அதே நாளில் 7,500 ரூபாய் வரையிலான ஓட்டல் அறைக்கும் 12 போய் 5 வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் வாங்குகிறவர் வரி கட்டுபவரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை, கடையில் விலை குறைந்தால் எல்லோருக்கும் குறைந்தது. ஆனாலும் நம் பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றியது அந்த ஏழு சதவீதமா? பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிள் அல்லவா! இங்கே உட்கார்ந்திருக்கிற மாணவிகளில் எத்தனை பேர் அந்தச் சைக்கிளில் இந்தக் காம்பவுண்டுக்குள் முதல் தடவை வந்தீர்கள்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

இதுவரை வந்ததைக் கேட்டு, "இந்த ஆள் வரிச் சலுகையே வேண்டாம் என்கிறான்" என்று நினைத்திருப்பீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு தப்புச் செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்த அழைப்பை ஒத்துக்கொண்டேன்.

1996. ரைஸ் மில் வைத்திருந்த ஒரு பெரியவர், என் வாடிக்கையாளர். ஊரும் பேரும் வேண்டாம், அவர் இப்போது இல்லை. மில் வருமானத்துக்கு ஒழுங்காக வரி கட்டுபவர். ஊரில் ஆற்றை ஒட்டி அவருக்கு நான்கு மா நிலம். இங்கே வெளியூர்ப் பிள்ளைகளும் இருப்பீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன், மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர். மேட்டு நிலம், தண்ணீர் சரியாக ஏறாது. சம்பா அறுத்த பிறகு ஊர்ப் பையன்கள் அதில்தான் விளையாடுவார்கள். கபடிக்குக் கோடு கிழித்தே வைத்திருப்பார்கள். ஒரு நாள் ஆபீசுக்கு வந்து, வழக்கமான கணக்கெல்லாம் முடிந்த பிறகு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் தம்பி, அந்த நாலு மாவைப் பசங்க விளையாடறதுக்குன்னு பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தா, வரியிலே ஏதாச்சும் கழிக்கலாமா?"

நான் சட்டத்தைச் சொன்னேன். 80ஜி-யில் நன்கொடை என்றால் பணமாகக் கொடுத்தால்தான் கழிவு. பொருளாகவோ நிலமாகவோ கொடுத்தால் கிடையாது. "ஒரு லட்சம் பணமா கொடுங்க, பாதி கழிக்கப் பாக்கலாம். ஒரு லட்ச ரூபாய் நிலமா கொடுத்தா ஒன்னுமில்லைங்க" என்றேன்.

"அப்படியா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வித்தா?" என்றார்.

அதற்கும் சட்டத்தைச் சொன்னேன். நகராட்சி எல்லையிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற விவசாய நிலம், ஆகவே விற்ற லாபத்துக்கு வரி கிடையாது. முழுக்க முழுக்க அவர் பணம். விற்றால் வரி இல்லை, கொடுத்தால் சலுகை இல்லை. இரண்டும் சரியான பதில்கள். இன்றைக்குப் பரீட்சையில் கேட்டாலும் முழு மார்க் போடுவார்கள்.

1997-இல் விற்றுவிட்டார். இப்போது அது ஒரு நகர். மனை போட்டபோது மூலையில் பூங்காவுக்கென்று கொஞ்சம் இடம் விட்டார்கள், அதில் பூங்கா என்று ஒரு பலகையும் கருவேல முள்ளும் நிற்கின்றன. சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பந்திக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். அவராகவே பேச்சை எடுத்தார். "தம்பி, எனக்கு அந்த வரிக் காசு பெரிசில்லே. என் பசங்க மூணு பேரும் விக்கணும்னாங்க. வரியிலே இவ்வளவு மிச்சமாகுதுடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒத்துக்கிட்டிருப்பானுங்க. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உன்கிட்ட வந்தேன்" என்றார். பிறகு ரசம் ஊற்ற ஆள் வந்துவிட்டான்.

நண்பர்களே, சலுகை என்றால் பணம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுக்க நினைக்கிறவன் தன் வீட்டாரிடம் சொல்வதற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது வேறு. பையன்களையும் கூட்டி வாருங்கள் என்று சொல்லி, ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசியிருக்கலாம். செய்யவில்லை. அன்றைக்கு மார்ச் கடைசி, ஆபீசில் கூட்டம்.

பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. நிலத்தின் சொந்தக்காரர் நிலத்தை விற்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். இதில் இனி வீடு கட்ட மாட்டேன், மனை போட மாட்டேன் என்று என்றைக்குமாகப் பத்திரம் எழுதி, அந்த உரிமையை ஒரு பொது அமைப்பிடம் விட்டுவிட்டால் போதும். அதனால் குறைந்த மதிப்பைத் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பொதுமக்கள் வெளியில் வந்து பொழுதுபோக்குவதற்காக நிலத்தைக் காப்பது என்று சட்டத்திலேயே ஒரு நோக்கமாக எழுதியிருக்கிறார்கள். 1980-இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அங்கேயும் நம் தொழில்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பணக்காரர்கள் தங்கள் கோல்ஃப் மைதானத்துக்கே கழிவு கேட்டார்கள். பத்துப் பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு நிலத்தை வாங்கி, மதிப்பைப் பல மடங்கு ஏற்றிக் காட்டி, போட்டதைவிட அதிகமாக வரியில் எடுத்தார்கள். 2022 டிசம்பரில் அதற்கு ஒரு வரம்பு கட்டினார்கள். ஆக, ஓட்டை இல்லாத சட்டம் எங்கும் இல்லை. இருந்தாலும் அந்த விதி சரியான ஆளைப் பார்த்துப் பேசுகிறது என்பது என் அபிப்பிராயம். விளையாடுகிறவனிடம் ரசீது கேட்கவில்லை. இடம் வைத்திருப்பவனிடம் பேசுகிறது.

நம் டெல்டாவில் இடம்தான் பிரச்சினை. மற்ற மாவட்டத்தில் கரட்டு மேடு, புறம்போக்கு என்று ஏதாவது இருக்கும். இங்கே வரப்பு வரைக்கும் நெல். நம் மைதானம் எது? ஜனவரி, பிப்ரவரியில் அறுவடை முடிந்ததும் ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வருகிறவரைக்கும் கிடக்கிற தாளடி நிலம். மட்டையையும் பந்தையும் எடுத்துக்கொண்டு அறுத்த தாள் காலில் குத்தக் குத்த ஆடியவர்கள் இந்த ஹாலில் பாதிப் பேர் இருப்பீர்கள். அதிலும் உளுந்து தெளித்திருந்தால் நிலத்துக்காரர் விரட்டுவார், அதுவும் நியாயம். இப்போது போர் போட்ட இடங்களில் கோடை நெல் வந்துவிட்டது. மிச்சமிருந்த நான்கு மாதமும் போயிற்று. ஆற்றுமணலில் ஆடலாம் என்றால், மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று தண்ணீர் வந்த பிறகு தெரிவதில்லை. ஆடிப்பெருக்கன்று பிள்ளைகளைப் படித்துறையில் இறக்கவே தாய்மார்கள் பயப்படுகிறார்கள். 2024-இல் கலைஞர் பெயரில் ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்தார்கள். நல்ல காரியம். எங்கள் பக்கத்து ஊராட்சியில் வாலிபால் வலை புத்தம் புதிதாக இருக்கிறது, கட்ட இரண்டு கம்பம் நட இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் முன்னோர் வேறு வழியும் வைத்திருந்தார்கள். பெரிய கோயில் கல்வெட்டில் ஒரு கணக்கு இருக்கிறது, ஆடிட்டர்கள் எல்லோரும் பார்க்க வேண்டியது. இரண்டாம் இராஜேந்திரன் காலத்தில், வைகாசித் திருவிழாவில் இராஜராஜேசுவர நாடகம் ஆடுவதற்காக ஒரு கூத்தருக்கு நாள் ஒன்றுக்குத் தூணி நெல், வருஷத்துக்கு 120 கலம் என்று எழுதிவைத்தார்கள். தூணி என்பது கலத்தில் மூன்றில் ஒன்று. 360 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள், சரியாக 120 வரும். பார்க்க வந்தவனுக்குச் சலுகை, ஆடியவனுக்குக் கழிவு என்றெல்லாம் இல்லை. ஊர் பார்க்கட்டும் என்று நேராக நெல்லை அளந்து கொடுத்தார்கள். 1871, 72-இல் தஞ்சாவூர் நகராட்சி சிவகங்கைப் பூங்காவை உண்டாக்கியதும் அந்த வழியில்தான். நகராட்சியே ஏற்பட்டு அப்போது ஐந்தாறு வருஷம்தான். அந்தப் பூங்காவில் வழுக்கு மரத்தில் சறுக்காத தஞ்சாவூர்ப் பிள்ளை உண்டா?

இனி செயலாளர் கேட்ட கேள்விக்குப் பதில். நம் மைதான நிதிக்குச் சங்கம் பதிவு வாங்கிவிட்டால் 80ஜி ரசீது தரலாம். கொடுத்ததில் பாதி கழியும், மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற வரம்புக்குள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழியாது, செக்காகவோ பேங்க் வழியாகவோ கொடுங்கள். ஆனால் 2023-24 முதல் புதிய வரி முறைதான் இயல்பான முறை. அதில் இருப்பவர்களுக்கு 80ஜி கிடையாது, எல்.டி.சி.-யும் கிடையாது. உங்களில் பலர் அதற்கு மாறியிருப்பீர்கள். ஆகவே ரசீதை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். அதற்கும் கொடுங்கள்.

முதல்வர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். கேலரி கட்டி, புல் போட்டு முடித்த பிறகு, மைதானத்தின் ஆற்றுப்பக்கக் கதவைச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். நாங்கள் படித்த காலத்தில் அந்தப் பக்கம் கதவே இல்லை. படித்துறைத் தெருப் பையன்கள் எங்களோடு ஆடினார்கள். எங்கள் டீமின் வேகப் பந்து வீச்சாளர் இந்தக் கல்லூரி மாணவரே இல்லை என்பதை ஸ்கோர் எழுதியவன் என்ற முறையில் ஐம்பது வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கு முன்பாக ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறேன். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம், வாய்க்காலைத் தாண்டி ஒரு விவசாயியின் ஆறு மா நிலம் இருக்கிறது. போய்ப் பேசினேன். வருகிற சம்பா அறுத்ததும் உளுந்து தெளிக்காமல், ஜூன் தண்ணீர் வரைக்கும் பையன்களுக்கு விட்டுவைக்கிறேன், அந்த உளுந்துக்கு உண்டான பணத்தை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்கிறார். நியாயமான கணக்குத்தான் சொன்னார், நான் பேரம் பேசவில்லை. இந்தத் தடவை அவருடைய இரண்டு மகன்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் பேசினேன். ரசீது கிடையாது, 80ஜி கிடையாது, எந்தப் பிரிவிலும் கழிக்க முடியாது. என் பங்கைக் கொடுத்துவிட்டேன். பாக்கிக்கு வாசலில் பொருளாளர் மேஜையில் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருக்கிறது. பேனாவை நூலில் கட்டிப் போட்டிருக்கிறேன். யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.